ஸலாம் சொன்ன கடையும் ஏமாந்த ஏழு குடும்பங்களும்

 

சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு நாள். அஸ்ருத் தொழுகைக்குப் பின் மத்ரஸாப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தப் போன வேளையில், மாணவி ஒருத்தியின் தாயார் வாசலில் நின்றிருந்தார். உத்தனப்பள்ளிக்கு அருகில் ரோஜாத் தோட்டமொன்றின் பசுமைக் குடிலில் பூப்பறிக்கும் வேலைக்குச் செல்பவர். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் இரவுப் பணி பார்ப்பவர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை நிலத்தில் பதித்தபடி அந்தச் சகோதரி கேட்டார்:

"ஹஜ்ரத், கோவிச்சுக்காதீங்க. அந்த புர்கா கடைக்காரர் நம்பர் உங்ககிட்ட இருக்கா? எனக்கு மட்டும் போன் போக மாட்டேங்குது."

எந்தப் புர்காக் கடை என்று நாம் கேட்டோம்.

"நீங்கதானே ஹஜ்ரத் குரூப்புல போட்டீங்க. நீங்க போட்டதாலதான் நம்பிப் பணம் கட்டினேன்."

அந்தச் சொல் எம்மை நிலைகுலையச் செய்தது. ரமளான் பிறந்த முதல் வாரத்தில், மத்ரஸாப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரத்தை நாம் பகிர்ந்தது உண்மையே. யாரோ ஒரு நண்பர் எமக்கு அனுப்பியிருந்தார். மேலே பிஸ்மில்லாஹ், கீழே ஸலாம், நடுவில் ஹலாலான வியாபாரத்தின் சிறப்பைக் கூறும் ஒரு நபிமொழி. பெருநாள் சலுகையாக ஒரு புர்கா 799 ரூபாய். மூன்று வாங்கினால் தொழுகை விரிப்பு ஒன்று இலவசம். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படுமே என்ற எண்ணத்தில், ஒரு வரி கூட விசாரிக்காமல், விரலால் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டு நாம் தராவீஹுக்குச் சென்றுவிட்டோம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு தட்டிலிருந்து தொடங்குகிறது. பிறரை எச்சரிக்கும் தகுதியில் இதை நாம் எழுதவில்லை. எம் தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

பணம் போன வழி

அச்சகோதரி மூன்று புர்காக்களுக்கு 2,397 ரூபாயும் அனுப்புகூலி 150 ரூபாயும் செலுத்தியிருந்தார். பொருள் வந்த பின் பணம் தருகிறேன் என்று அவர் கேட்டதற்கு, ரமளான் நெருக்கடியால் முன்பணம் மட்டுமே என்று பதில் வந்தது. நான்கு நாள் கழித்து, பார்சல் கர்நாடக எல்லையில் வரிக்காக நிறுத்தப்பட்டிருப்பதாகவும், 1,200 ரூபாய் கட்டினால் விடுவிக்கப்படும் என்றும், அந்தத் தொகை பொருளோடு திருப்பித் தரப்படும் என்றும் செய்தி வந்தது. அதையும் கட்டினார். பிறகும் பொருள் வரவில்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அழுதபோது, "கவலைப்படாதீங்க சகோதரி, இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று ஒரு குரல் மிக அன்பாகச் சொல்லியிருக்கிறது. அவர் ஸ்கேன் செய்தார். திரையில் ரகசிய எண்ணைக் கேட்டது, இட்டார். பணம் வரவில்லை. கணக்கில் மிச்சமிருந்த 5,000 ரூபாயும் போயிற்று. அதன் பின் அந்த எண் அவரைத் தடுத்துவிட்டது.

மொத்தம் 8,747 ரூபாய். கணவருக்குத் தெரியாமல், பூப்பறித்த கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்தது.

அன்றிரவே குழுவிலிருந்த பெற்றோர் ஒவ்வொருவரையும் நாம் விசாரித்தோம். ஏழு குடும்பங்கள் பணம் செலுத்தியிருந்தன. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஏழு வீடுகளும் தனித்தனியே மௌனமாக இருந்தன. "ஹஜ்ரத் அனுப்பியது, எப்படிக் குறை சொல்வது" என்று இருவர் தயங்கியிருக்கிறார்கள். வெட்கமும் மரியாதையும் சேர்ந்து, அந்த மோசடிக்காரனுக்குப் பல நாள் அவகாசம் கொடுத்திருந்தன.

பிறகு நாம் அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கின் பெயருக்கு அருகே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், அந்தக் கணக்கைப் பற்றிய விவரம் வரும்: எப்போது தொடங்கப்பட்டது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, முன்பு எத்தனை முறை பெயர் மாற்றப்பட்டது என்பன அதில் தெரியும். எமக்கு ஸலாம் சொன்ன அந்தக் கடை அதற்கு முன் மூன்று வேறு பெயர்களில் இருந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் பின்தொடர்வோர் இருந்தும் படங்களின் கீழே யாரும் எதுவும் எழுத முடியாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். முகநூல் பக்கங்களிலும் இதே போல் தொடங்கிய நாள், பெயர் மாற்றம், நிர்வகிப்போர் இருக்கும் நாடு ஆகியவற்றைப் பார்க்கும் வசதி உண்டு. அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை நாம் கொடுக்கவில்லை.

நல்லெண்ணமும் விசாரணையும்

எம் மனத்தில் அப்போது ஓடிய வாதம் இது: ஒரு முஸ்லிம் வியாபாரியை எதற்காகச் சந்தேகிக்க வேண்டும்? அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் நம்மைப் பணிக்கவில்லையா?

பணிக்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்துவோராக ஆகிவிட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. ஆறு வசன இடைவெளியில் இரண்டு கட்டளைகளும் அருகருகே உள்ளன. ஒரு மனிதரைப் பற்றி ஆதாரமின்றித் தீயதாக எண்ணாதே என்பது ஒன்று. பிறரைப் பாதிக்கக்கூடிய செய்தியை விசாரிக்காமல் ஏற்காதே, பரப்பாதே என்பது மற்றொன்று. நாம் முதலாவதைச் சாக்காக வைத்து இரண்டாவதைக் கைவிட்டோம்.

இதை இன்னும் தெளிவாக உணர்த்துவது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. அது விளித்துப் பேசுவது யாரை? ஈமான் கொண்டவர்களை. இரண்டு முஃமின்கள் தமக்குள் கொடுக்கல் வாங்கல் செய்யும்போதே எழுதிக்கொள்ளுமாறு இறைவன் பணிக்கிறான் என்றால், எழுத்தும் சாட்சியும் கேட்பது எதிரிலிருப்பவரை அவமதிப்பதாகாது. விலைச்சீட்டு கேட்பதும், கடை முகவரி கேட்பதும், திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை எழுத்தில் கேட்பதும் அந்த வசனத்தின் நிழலில் நிற்கும் செயல்களே. நேர்மையான வியாபாரி இவற்றைக் கேட்டால் கோபம் கொள்ளமாட்டார். கோபம் கொள்பவரிடம் வாங்காமல் இருப்பது நலம்.

தக்காளிப் பெட்டியின் அடியில்

நம் உத்தனப்பள்ளி, ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடைப்பட்ட சாலையில் இருக்கிறது. இராயக்கோட்டைத் தக்காளிச் சந்தை நம் பகுதியார் அனைவரும் அறிந்தது. அங்கே பழகிய வியாபாரி ஒருவர் பெட்டியின் மேலே பளபளக்கும் பழத்தைப் பார்த்து விலை பேசமாட்டார். கையை அடிவரை விட்டுப் பார்ப்பார். ஐயமிருந்தால் பெட்டியைக் கவிழ்த்தே பார்ப்பார். அதை எந்த விவசாயியும் தவறாக எண்ணுவதில்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி இதைத்தான் நினைவூட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில், அதனுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வணிகரிடம் கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இந்த நபிமொழியை நாம் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். எப்போதும் அந்த வணிகரின் தவற்றைப் பற்றியே பேசியிருக்கிறோம். குவியலுக்குள் நுழைந்த அந்தப் புனிதமான கையைப் பற்றி ஒரு நாளும் நின்று சிந்தித்ததில்லை. அல்லாஹ்வின் தூதரே கையை விட்டுப் பார்த்தார்கள் என்றால், நாம் எம்மட்டு?

கைப்பேசித் திரையில் காணும் புடைவைக்கும் புர்காவுக்கும் அடியில் கைவிட்டுப் பார்க்க முடியாது. எனவேதான் பொருளைக் காணாமல் வாங்கும் வியாபாரத்தைப் பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் இவ்வளவு விரிவாகப் பேசினார்கள். என்ன கிடைக்கும், கிடைக்குமா என்றே தெரியாத, மறைபொருளான வியாபாரத்தை நபியவர்கள் தடுத்தார்கள். அதை 'கரர்' என்பர். ஹனஃபி மத்ஹபில், காணாமல் வாங்கியவர் பொருளைக் கண்டபின் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை பெறுகிறார். எதிரே இல்லாத, காணாத ஒரு குறிப்பிட்ட பொருளை விற்பதே செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. அதே வேளையில் முன்பணம் கொடுத்து வாங்குவதே கூடாது என்றும் மார்க்கம் சொல்லவில்லை. நபியவர்கள் மதீனா வந்தபோது அம்மக்கள் பேரீச்சம்பழத்துக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே பணம் கொடுத்து வந்தார்கள். அதை நபியவர்கள் ஒழிக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக அறியப்பட்டிருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே 'ஸலம்' எனும் ஒப்பந்தம். ஆகவே முன்பணம் கேட்பவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகளை மார்க்கமே வகுத்துத் தந்திருக்கிறது: என்ன துணி, எந்த அளவு, எத்தனை, எந்த நாளுக்குள், தவறினால் என்ன?

மார்க்கத்தின் பெயரால்

நமக்கு அண்டையில் நடந்த ஒரு பெரிய பாடத்தை நாம் மறந்துவிட்டோம். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், சிவாஜி நகரை மையமாகக் கொண்டு ஐ மானிட்டரி அட்வைசரி என்ற நிறுவனம் 2006 முதல் இயங்கியது. வட்டியில்லாத ஹலால் இலாபம் என்று சொல்லி முதலீடு திரட்டியது. 2019 ஜூன் மாதத்தில் அதன் நிறுவனர் முகம்மது மன்சூர் கான் ஓர் ஒலிப்பதிவை விட்டுவிட்டு துபாய்க்குச் சென்றார். அடுத்த மாதம் டெல்லி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். சுமார் 4,000 கோடி ரூபாய் தொடர்பான மோசடி என்று பேசப்பட்டது. மூடிய அலுவலகத்தின் முன்னே பல்லாயிரம் பேர் புகார் மனுக்களோடு திரண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் திருமணத்துக்காக வைத்திருந்ததும், ஓய்வுக்காலப் பணமும், நகை விற்ற பணமும் அதில் இருந்தன. அந்நிறுவனத்தை ஆதரித்துப் பேசியதாகப் பள்ளிவாசல் இமாம் ஒருவரும் அந்த விசாரணையில் கைதானார்.

அந்தச் செய்தியை 2019இல் படித்தபோது, ஓர் ஆலிம் எப்படி இவ்வளவு கவனமின்றி இருக்க முடியும் என்று நாம் பிறரிடம் வியந்து பேசியது இப்போது நினைவுக்கு வருகிறது. தொகைதான் வேறு. நாம் செய்ததும் அதே வகையைச் சேர்ந்ததே.

மோசடிக்காரன் எந்த மக்களிடம் எந்தச் சொல் செல்லும் என்பதை அறிந்தே வருகிறான். பொதுமக்களிடம் இராணுவ வீரராக வருகிறான்: இடமாற்றல் வந்துவிட்டது, இருசக்கர வாகனத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று சீருடைப் படமும் அடையாள அட்டையும் காட்டி, ஓ.எல்.எக்ஸ். போன்ற தளங்களிலும் முகநூலிலும் பலரை ஏமாற்றினார்கள். நாட்டின் காவலர் என்ற மரியாதையே அங்கே தூண்டில். தீபாவளி வந்தால் பட்டாசுக் கடையாக வருகிறான். இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை செய்திருந்தும், சமூக ஊடகங்களில் மலிவுப் பட்டாசு என்று விளம்பரம் செய்து பணம் பறிப்பதைக் குறித்து 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. நம்மிடம் வரும்போது அவன் பிஸ்மில்லாஹ் சொல்லி வருகிறான். ரமளானில் புர்காவும் பேரீச்சம்பழமும், துல்ஹஜ்ஜில் குர்பானி ஆடும், மற்ற காலங்களில் மலிவு உம்ராவும் அவன் கடையில் இருக்கும்.

ஆகவே ஸலாமும் நபிமொழியும் ஒரு விளம்பரத்தில் இருப்பது அந்த வியாபாரியின் நேர்மைக்குச் சான்றாகாது. அவற்றை எழுதுவதற்குக் காசு செலவில்லை. சான்று என்பது அவரை நேரில் அறிந்த மனிதர், அவரிடம் முன்பு வாங்கிய மனிதர், அவர் கடை இருக்கும் தெரு ஆகியவையே.

எம் மாணவர் கேட்ட கேள்வி

இந்த நிகழ்ச்சிக்குப் பின் மாலை வகுப்பில் இதைப் பற்றிப் பேசினோம். அப்போது ஓர் இளைஞர், தமக்கும் ஒரு செய்தி வந்ததாகச் சொன்னார். நம் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகியிருப்பதைப் பயன்படுத்தி, 'கம்பெனியில் கழித்துவிட்ட கைப்பேசி, கால் விலைக்குத் தருகிறோம்' என்று டெலிகிராமில் ஒருவன் அழைத்திருக்கிறான். "ஹஜ்ரத், அது ஏமாத்து வேலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார்.

நாம் அவரிடம் திருப்பிக் கேட்டோம்: "அது ஏமாற்று வேலை இல்லையென்றே வைத்துக்கொள்வோம் தம்பி. உண்மையாகவே கம்பெனியிலிருந்து பின்வாசல் வழியே வந்த கைப்பேசி என்றால், அதை வாங்குவது உனக்கு ஆகுமா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்குபவர் அந்தத் திருட்டில் பங்காளியாகிறார். மோசடிகளில் பல நம் ஏழ்மையைப் பயன்படுத்துகின்றன. சில நம் பேராசையைப் பயன்படுத்துகின்றன. சந்தை விலை ஐம்பதாயிரம் உள்ள பொருள் பன்னிரண்டாயிரத்துக்கு வருகிறதென்றால், ஒன்று பொருள் வராது, அல்லது வரக்கூடாத பொருள் வரும். இரண்டுமே நமக்கு நஷ்டம்.

அதே இளைஞர்களிடம் இன்னொன்றையும் சொன்னோம். மோசடிப் பணம் மோசடிக்காரனின் சொந்தக் கணக்கில் போய் விழுவதில்லை. வேலை தேடி வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞரிடம் சில ஆயிரங்களைக் கொடுத்து, அவர் வங்கிக் கணக்கையும் சிம் அட்டையையும் வாடகைக்கு வாங்குகிறார்கள். பணம் அதில் விழுந்து உடனே வேறிடம் போய்விடும். காவல்துறை வரும்போது அந்த இளைஞர்தான் பதில் சொல்ல வேண்டும். பாவத்துக்கும் பகைமைக்கும் ஒருவருக்கொருவர் உதவக் கூடாது என்ற மாயிதா அத்தியாயத்தின் கட்டளை இங்கே நேராகப் பொருந்துகிறது. எவ்வளவு பணம் தந்தாலும் உங்கள் கணக்கை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

கையாள வேண்டிய முறைகள்

குடும்பத்தார் கூடியிருக்கும்போது இதைப் படித்துக் காட்டுமாறு வேண்டுகிறோம்.

பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. யு.பி.ஐ. முறையில் பணம் கொடுக்கத்தான் அந்த எண்ணை இட வேண்டும், பெறுவதற்கு அன்று. பணம் வருகிறது என்று சொல்லி ஸ்கேன் செய்யச் சொல்பவர், எண்ணை இடச் சொல்பவர், எந்த மார்க்கத்தவராயினும் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் மோசடிக்காரரே. எம் சகோதரி இந்த ஒன்றை அறிந்திருந்தால் அந்த 5,000 ரூபாயாவது தப்பியிருக்கும்.

பணம் செலுத்தும் முன் திரையில் வரும் பெயரை நிதானமாகப் படியுங்கள். அது வங்கியில் பதிவான பெயர். கடையின் பெயர் ஒன்றாகவும் திரையில் வரும் பெயர் தொடர்பில்லாத வேறொன்றாகவும் இருந்தால் நிறுத்திவிட்டு விசாரியுங்கள். விலைச்சீட்டில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது பதினைந்து எழுத்தும் எண்ணுமாக இருக்கும்; முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. பெங்களூர்க் கடை என்று சொல்பவரின் எண் வேறெதிலாவது தொடங்கினால் காரணம் கேளுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணை இட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒருமுறை பணம் கட்டிய பிறகு எல்லை வரி, காப்பீடு, விடுவிப்புக் கட்டணம் என்று மறுபடியும் கேட்டால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். போன பணத்தை மீட்கவே மேலும் பணம் கட்டுகிறோம் என்ற எண்ணம்தான் நம்மை ஆழத்துக்கு இழுக்கிறது. ஒரே பொந்திலிருந்து முஃமின் இருமுறை கொட்டப்படமாட்டார் என்ற கருத்துப்பட நபியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

முடிந்தவரை பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுங்கள். முற்காலத்தில் சென்னையிலிருந்து நம் ஊர்களுக்கு வி.பி.பி. மூலம் நூல்கள் வந்தன. தபால்காரரிடம் பணம் கொடுத்தே பொதியைப் பெறுவோம். இதிலும் கந்தல் துணியைக் கட்டி அனுப்புவோர் உண்டு. ஆகவே பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரியும்படி தொடக்கம் முதல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதுவே உங்களுக்குச் சாட்சி.

பாராட்டுக் குறிப்புகளை நம்பி ஏமாறாதீர்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை ஏமாற்றும் 'நஜ்ஷ்' என்ற செயலை நபியவர்கள் தடுத்தார்கள். கூலிக்குப் பொய்ப் பாராட்டு எழுதுவது அதன் இன்றைய வடிவமே.

ஏமாந்த பின்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பணம் போனதை அறிந்த அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையப் பண மோசடிகளுக்காக நாடு முழுவதும் இயங்கும் உதவி எண் அது. வங்கியின் பெயர், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். பணம் இன்னும் எடுக்கப்படாமல் யாரேனும் ஒருவர் கணக்கில் இருந்தால், அதை அங்கேயே நிறுத்திவைக்க வழி உண்டு. நேரம் கடக்கக் கடக்க அந்த வழி அடைபட்டுவிடும். உரையாடல்களை அழித்துவிடாமல் படம் பிடித்து வையுங்கள்.

உண்மையான கடைதான், ஆனால் பொருள் பழுது, பணம் தர மறுக்கிறார்கள் என்றால் அது வேறு வகை. அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

எம் ஏழு குடும்பங்களில் ஆறு குடும்பங்களுக்குக் காலம் கடந்துவிட்டது. நாம் விசாரித்த அன்று காலையில்தான் பணம் கட்டிய ஒருவர் மட்டும் அன்றிரவே 1930ஐ அழைத்தார். அவருடைய 1,598 ரூபாய் ஒரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. அது அவர் கைக்கு வர மாதங்கள் ஆயின என்றாலும், வந்தது.

எம் கடன்

பகிர்ந்தவர் என்ற முறையில் அந்த நஷ்டத்தை நாம் ஈடுசெய்யக் கடமைப்பட்டுள்ளோமா என்று எம் ஆசிரியப் பெருந்தகை ஒருவரிடம் கேட்டோம். பணத்தை எடுத்தவன் மீதே ஈட்டுக் கடமை சாரும், அறியாமல் பகிர்ந்தவர் மீது அது கடமையாகாது என்றார்கள். சற்று நிறுத்தி, "ஆனால் ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்ற ஹதீஸை நீங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறீர்கள் அல்லவா?" என்றும் கேட்டார்கள்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தாரின் அனுமதியோடு எழுந்து நின்று, நடந்ததை நாம் மறைக்காமல் சொன்னோம். பாதிக்கப்பட்டவர்களின் பெயரைச் சொல்லவில்லை. எம் பெயரைச் சொன்னோம். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, நாம் அறியாத மேலும் மூவர் தனியே வந்து தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். ஒருவர் எழுபது வயதை நெருங்கியவர். குர்பானி ஆட்டுக்கு முன்பணம் கட்டி இழந்ததை இரண்டு ஆண்டுகளாக மகன்களிடம் கூடச் சொல்லவில்லை.

பூப்பறிக்கும் அச்சகோதரிக்கு எம்மால் இயன்றதைத் தர முயன்றோம். அவர் வாங்க மறுத்தார். "நீங்க வேணும்னு பண்ணலையே ஹஜ்ரத்" என்றார். இறுதியில், கணவரிடம் தாம் சொல்லத் துணியாததை எம் வீட்டார் உடனிருக்கச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டார். எம் துணைவியார் சென்றார்கள். கணவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாமும் சென்ற ஆண்டு வேலைக்காக ஒரு முகநூல் விளம்பரத்துக்கு 3,000 ரூபாய் கட்டி ஏமாந்ததாகச் சொன்னாராம். அந்தப் பிள்ளைகள் பெருநாளன்று பழைய புர்காவைத் துவைத்து மடித்து அணிந்து வந்தார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் வழியே துணியும் அத்தரும் பலகாரமும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் நேர்மையான சகோதரிகள் நம் மஹல்லாக்களில் பலர் இருக்கிறார்கள். மோசடிக்காரர்களால் அவர்களுடைய பிழைப்பும் கெடுகிறது. அவர்களை அறிந்து, அவர்களிடம் வாங்குவோம். அவர்களும் தம் முகவரியையும் நிபந்தனைகளையும் தெளிவாக எழுதி, பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்கட்டும். கையில் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கூறியதை நினைவில் கொள்ளட்டும். பட்டுத் துணி வணிகரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், தம் பங்காளி குறையைச் சொல்லாமல் ஒரு துணியை விற்றுவிட்டார் என்று அறிந்தபோது, அந்த வியாபாரத்தின் பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இப்போது எம் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். தாம் நேரில் அறியாத, தாம் வாங்கிப் பார்க்காத கடையை யாரும் பகிரக் கூடாது. முதலில் எம்மை நோக்கியே அந்த விதியை எழுதினோம்.

வல்ல அல்லாஹ் நம் பொருளில் பரக்கத் செய்வானாக! பிறர் பொருளை அநியாயமாக உண்பதிலிருந்தும், நம் பொருளை அறியாமையால் இழப்பதிலிருந்தும், நம் நாவாலும் விரலாலும் பிறருக்குத் தீங்கு விளைவதிலிருந்தும் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.